கூடாரங்களை அகற்றும் நாளுக்கு முன்னும் பின்னும்

கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஸ்டோரி ரோடு பக்கம் கயோட்டி க்ரீக் என்று ஒரு ஓடை போகிறது. கோடையில் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். அந்தக் கரையில் கிட்டத்தட்ட 68 ஏக்கரில் ‘தி ஜங்கிள்’ என்று ஒரு முகாம் பல வருடங்கள் இருந்தது. கூடாரங்கள், பலகை அடித்த குடிசைகள், மண்ணைக் குடைந்து அமைத்த அறைகள், மரத்தின் மேல் கட்டிய வீடுகள்கூட அங்கே உண்டு. அமெரிக்காவிலேயே பெரிய வீடற்றோர் முகாம் இதுதான் என்று பத்திரிகைகள் எழுதின. 2014 டிசம்பர் 4-ம் தேதி நகராட்சி அதைக் காலி செய்தது.

அதற்கு முந்தைய ஒன்றரை வருடம் நகராட்சி சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுமார் 40 லட்சம் டாலர் செலவழித்து, அங்கிருந்தவர்களில் 140 பேருக்கு மேல் வீடு பார்த்துக் கொடுத்தார்கள். ஆனாலும் கடைசி வாரங்கள் வரை இருநூறு பேருக்குக் குறையாமல் கரையிலேயே இருந்தார்கள். கையில் வாடகை வவுச்சர் (வாடகையில் ஒரு பகுதியை அரசு கட்டும் என்ற சீட்டு) வைத்துக்கொண்டு, அதை ஏற்றுக்கொள்ளும் வீட்டுக்காரர் கிடைக்காமல் நின்றவர்களும் அதில் உண்டு.

மீதிப் பேர் எங்கே போனார்கள்? அதே ஓடையில் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. நெடுஞ்சாலைப் பாலங்களுக்கு அடியில். பாலோ ஆல்டோவுக்கும் சான் ஹோசேக்கும் இடையே ராத்திரி முழுக்க ஓடும் 22-ம் நம்பர் பஸ்ஸில். 2017 பிப்ரவரி 21 அன்று ஆண்டர்சன் அணை நிரம்பி வழிந்து, அதே ஓடை ஊருக்குள் புகுந்தது. 14,000 பேரை வீடுகளை விட்டு வெளியேறச் சொன்னார்கள். கரையோரக் கூடாரங்களில் மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்புப் படையினர் போய் மீட்டார்கள். ஜங்கிளை மூடி இரண்டு வருடம் தாண்டியும் கரையில் ஆட்கள் இருந்தார்கள்.

அந்த வெள்ளத்துக்கு அப்புறம்தான் நான் இந்த வேலைக்குள் வந்தேன். வெள்ளத்தில் வீட்டை விட்டு வந்தவர்களுக்கு எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சிலர் சேர்ந்து சமைத்துக் கொடுத்தோம். அப்படியே பாலத்தடிக் கூடாரங்களுக்கும் சனிக்கிழமைகளில் போகத் தொடங்கி, இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறோம். சான் ஹோசேயிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் முகாம்கள் முளைப்பதையும் கலைவதையும் இத்தனை வருடம் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. அகற்றும் நாளில் எத்தனை லாரி வந்தது, எத்தனை டன் குப்பை போனது என்பதை வைத்து ஒரு நகரத்தின் வேலையை எடைபோட முடியாது. அதற்கு முந்தைய மாதங்களில் அங்கிருந்த ஒவ்வொருவரின் பெயரும் யாரிடமாவது இருந்ததா, ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் கையில் சாவி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறோம். கூடாரத்தில் இருப்பவர்களில் வயதானவர்கள் அதிகம், பல் இல்லாதவர்கள் அதைவிட அதிகம். அதனால் முறுக்கு, மிக்சர் வேண்டாம். இட்லி, நன்றாகக் குழைந்த பொங்கல், வாழைப்பழம், வேகவைத்த முட்டை எல்லாம் உடனே காலியாகும். காரத்தைப் பாதியாகக் குறையுங்கள். வயிற்றைக் கெடுத்துக்கொண்டால் ஓட அங்கே கழிப்பறை கிடையாது. தண்ணீரைக் கேன் கேனாகக் கொண்டுபோங்கள். புது சாக்ஸ், டார்ச்சுக்கு பேட்டரி, செல்போன் சார்ஜ் பண்ண பவர் பேங்க் மூன்றுக்கும் எப்போதும் தேவை உண்டு. போட்டோ மட்டும் எடுக்காதீர்கள். வாட்ஸப் குழுவில் போட வேண்டும் என்று யாராவது கேட்டாலும் எடுக்காதீர்கள். அது அவர்களுடைய வீட்டு வாசல்.

சாப்பாடு கொடுத்துப் பழகியபிறகுதான் மனிதர்கள் பேச ஆரம்பிப்பார்கள். பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் கேட்பது பேப்பர்களைப் பற்றி.

பக்கத்து நகரம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். ரயில் பாதை ஓரம் முப்பது கூடாரம் போல இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்வீப், அதாவது முகாமை அகற்றுவது என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கொடுத்த அவகாசம் 72 மணி நேரம். அங்கே அறுபது வயது தாண்டிய ஒரு பெண்மணி இருந்தார். பள்ளிக்கூட சாப்பாட்டுக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அவருக்குப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் நாள். காலையில் சீக்கிரம் போய்விட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினார். பதினோரு மணிக்குத் திரும்பியபோது கூடாரம் இருந்த இடத்தில் புல்டோசர் தடம்தான் இருந்தது. பிறப்புச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, இன்சுலின், கேஸ் மேனேஜரின் (வீடு கிடைக்க உதவும் சேவை அமைப்பு ஊழியர்) நம்பர் எழுதிய நோட்டு எல்லாம் ஒரு நீலப் பையில் இருந்தன. சைக்கிளையும் ஒரு பெட்டியையும் எடுத்துக் கிடங்கில் வைத்திருந்தார்கள். நீலப் பை ஈரத் துணிகளுக்கு நடுவே இருந்ததால் குப்பையோடு போய்விட்டது.

அவருக்கு வவுச்சர் வந்திருந்தது என்பதுதான் இதில் கொடுமை. அடுத்த வாரம் ஒரு அபார்ட்மென்ட் பார்க்கப் போவதாக இருந்தது. போனும் போய்விட்டதால் கேஸ் மேனேஜரால் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவரும் எங்கே இருக்கிறோம் என்று சொல்ல முடியவில்லை. வவுச்சருக்குக் கெடு உண்டு. அது தாண்டிப்போய், திரும்ப நீட்டிப்பு வாங்கி, சான்றிதழ்களுக்குத் திரும்ப விண்ணப்பித்து, அவர் ஒரு வீட்டுக்குள் போக அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. அன்றைக்கு அந்த இடத்தைச் சுத்தம் செய்ததற்கு ஆன செலவைவிட, அறுந்துபோன தொடர்பைத் திரும்ப ஒட்டவைக்க ஆன செலவு அதிகமாக இருக்கும் என்றே நினைக்கிறேன். அந்தச் செலவு யார் கணக்கிலும் ஏறாது.

அதனால் எங்கள் குழுவில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு பேப்பர் பெட்டியும் போக ஆரம்பித்தது. நீங்களும் செய்யலாம், பெரிய விஷயமில்லை. கெட்டியான ஜிப் கவர் ஒன்று, கழுத்தில் மாட்டும் கயிறு ஒன்று. சான்றிதழ்கள் அதற்குள்ளே, அது எப்போதும் உடம்போடு. அவர்கள் சம்மதித்தால், அவர்கள் போனிலேயே படம் எடுத்து, அவர்களுடைய மின்னஞ்சலுக்கே அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் போனில் வைத்துக்கொள்ள வேண்டாம். மின்னஞ்சலின் பாஸ்வேர்டை ஒரு அட்டையில் எழுதி அதையும் கவருக்குள் போடச் சொல்லுங்கள். போன் தொலைந்தால் பாஸ்வேர்டும் தொலைந்துவிடுகிறது, அப்புறம் அந்தக் கணக்குக்குள் போகவே முடியாது. கேஸ் மேனேஜர் நம்பரைத் தடிமனான மார்க்கரில் தனி அட்டையில் எழுதுங்கள். போன் இல்லாதவர்களுக்கு லைஃப்லைன் திட்டத்தில் அரசு போன் கிடைக்கும்.

கலிபோர்னியாவில் வீடற்றவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் நகலும் மாநில அடையாள அட்டையும் கட்டணமில்லாமல் கிடைக்கும். 2014-ல் இதற்குத் தனிச் சட்டமே போட்டார்கள். அவர் வீடற்றவர்தான் என்று உறுதி சொல்லும் படிவத்தில் சேவை அமைப்பு ஊழியர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். முகாமில் இருக்கும் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அட்டை எந்த முகவரிக்கு வரும் என்ற சிக்கல் இருக்கிறது. பகல்நேர உதவி மையங்கள் சில தபால் வாங்கி வைப்பார்கள். உங்கள் ஊரில் எந்த மையம் அதைச் செய்கிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டாலே போதும், பத்துப் பேருக்கு உதவியாக இருக்கும்.

சட்டத்தின் பக்கம் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் கடந்த சில வருடங்களில் எல்லாமே மாறியிருக்கிறது. 2018-ல் ஐடஹோ மாநிலத்தில் உள்ள பாய்சி நகரத்து வழக்கில், ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. படுக்க ஷெல்டரில் (வீடற்றோர் தங்குமிடம்) இடம் இல்லாதபோது, பொது இடத்தில் தூங்கினதற்காக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்றது. கலிபோர்னியா உட்பட மேற்கு மாநிலங்களை அது கட்டுப்படுத்தியது. கொரோனா வந்ததும், தனி அறை கொடுக்க முடியாவிட்டால் கூடாரங்களைக் கலைக்காதீர்கள் என்று மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2020-ல் சொன்னது. அந்தக் காலத்தில்தான் முகாம்கள் பெருத்தன. அப்புறம் 2024 ஜூன் 28 அன்று, ஓரிகனில் உள்ள கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிற்றூரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அதை மாற்றிவிட்டது. அந்த ஊர் வெளியில் தூங்கினவர்களுக்குப் போட்ட அபராதம் 295 டாலர். ஷெல்டர் இருக்கிறதோ இல்லையோ, ஊர்கள் அப்படித் தண்டிக்கலாம் என்றாகிவிட்டது. ஒரு மாதத்துக்குள், ஜூலை 25 அன்று, கவர்னர் நியூசம் மாநில நிலங்களில் உள்ள முகாம்களை அகற்ற ஆணை போட்டார்.

அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் நாங்கள் போகிற இடங்களில் நோட்டீஸ்கள் அதிகமாயின. ஒரு வாரம் பார்த்தவரை அடுத்த வாரம் பார்க்க முடிவதில்லை. எங்கே போனார் என்று பக்கத்துக் கூடாரத்தில் கேட்டால் கையை விரிக்கிறார்கள். தொடர்ந்து மருந்து எடுக்க வேண்டியவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஊசியில் போதைப்பொருள் எடுப்பவர்களை இப்படி விரட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று 23 நகரங்களை வைத்து ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டு, 2023-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பத்து வருடத்தில் அவர்களிடையே நேரும் மரணங்களில் 15 முதல் 25 சதவீதம்வரை இதனாலேயே இருக்கலாம் என்றது அந்தக் கணக்கு.

முகாம் அப்படியே இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உதவி செய்பவர்களைப் பற்றி அப்படி ஒரு எண்ணம் இருக்கிறது. ராத்திரியில் குளிருக்கு மூட்டின தீ கூடாரத்தைப் பிடித்துச் செத்தவர்கள் உண்டு. பெண்கள் அங்கே தூங்குவதே இல்லை, பகலில் நூலகத்தில் உட்கார்ந்து தூங்குகிறார்கள். சினூக் சால்மன் ஏறி வரும் ஓடையில் குப்பை சேர்வதாகச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று நகராட்சி மேல் வழக்கே போட்டது. கரையோரம் வீடு வைத்திருப்பவர்களின் பயமும் உண்மைதான். முகாம்கள் மூடப்பட வேண்டியவைதான். எந்த வரிசையில் மூடுகிறோம் என்பதுதான் கேள்வி.

அந்த வரிசையை ஓரளவு சரியாகப் பிடித்த ஊர் டெக்சஸில் உள்ள ஹூஸ்டன். 2011-க்குப் பிறகு, அனீஸ் பார்க்கர் மேயராக இருந்தபோது தொடங்கிய ஏற்பாடு அது. தனித்தனியாக வேலை பார்த்த நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகளை ஒரே பட்டியல், ஒரே கணினிப் பதிவு என்ற முறைக்குள் கொண்டுவந்தார்கள். 2022 வாக்கில் 25,000 பேருக்கு மேல் நேரடியாக வீடுகளுக்குள் போயிருந்தார்கள், தெருவிலும் ஷெல்டரிலும் இருப்பவர்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அங்கே ஒரு முகாமை மூடுவதென்றால், முதலில் அங்கிருக்கும் எல்லோரையும் பெயர் பெயராகப் பதிவு செய்கிறார்கள். வேறு ஒரு குழு அதற்குள் வீட்டுக்காரர்களிடம் பேசிக் காலி அபார்ட்மென்ட்களைப் பிடித்து வைக்கிறது. ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனபிறகு, கடைசியில்தான் வேலி போடுகிறார்கள். பொது இடத்தில் கூடாரம் போடத் தடை அந்த ஊரிலும் உண்டு, அவர்கள் ஒன்றும் இளகினவர்கள் இல்லை. ஆனால் போக ஒரு கதவைக் காட்டிவிட்டுத் தடையைப் பேசுகிறார்கள்.

ஹூஸ்டனில் வீடு மலிவு, கட்டுவது எளிது. சான் ஹோசேயில் ஒரு படுக்கையறை வீட்டு வாடகை 2,000 டாலரைத் தாண்டி வெகுகாலமாகிறது. வயதானவர், உடல் முடியாதவர் ஒருவருக்கு மாநில உதவியும் சேர்த்து எஸ்எஸ்ஐ என்ற அரசு உதவிப் பணம் மாதம் 1,200 டாலருக்குப் பக்கத்தில்தான் வருகிறது. எப்படிக் கூட்டினாலும் கணக்கு இடிக்கும். அதனால் நம் ஊரில் வீட்டுக்கு முன்னால் ஒரு இடைப் படி தேவைப்படுகிறது. சான் ஹோசே 2020 ஜனவரியில் மேபெரி ரோட்டில் 40 சிறு வீடுகளோடு அதைத் தொடங்கியது. அப்புறம் கொரோனா காலத்தில் வேறு இடங்களிலும் கட்டினார்கள்.

ஷெல்டர் கொடுத்தால் மறுக்கிறார்கள் என்று நிறையப் பேர் சொல்வார்கள். எங்களோடு வந்த கல்லூரி மாணவி ஒருத்தி முதல் நாளே, “அக்கா, குளிர்ல இங்க கிடக்கிறதுக்கு அங்க போகலாமே, ஏன் மாட்டேங்கிறாங்க?” என்று கேட்டாள். நீயே கேட்டுப் பார் என்றேன். அவள் ஒரு பெரியவரிடம் போய்க் கேட்டாள். அவர் மடியில் வெள்ளை முகமுள்ள கிழட்டு நாய் ஒன்று படுத்திருந்தது. அவர் சொன்ன காரணங்களில் நாய் மூன்றாவதுதான். முதல் காரணம், அந்த ஷெல்டரில் இரண்டு பைதான் கொண்டுபோகலாம். தச்சு வேலைக்கான சாமான் மட்டுமே அவருக்கு இரண்டு பை. இரண்டாவது, அதிகாலை வேலைக்குக் கிளம்ப முடியாது, இரவு வேலை முடிந்து வந்தால் கதவு திறக்காது. அதே பெரியவருக்குப் பூட்டு போட்ட கதவோடு ஒரு சிறு வீடு கிடைத்தபோது, நாயையும் சாமானையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே போய்விட்டார். மறுக்கிறார் என்று குறித்துக்கொள்வதற்கு முன், என்ன கொடுத்தோம் என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். 2025-ல் சான் ஹோசே மேயர் மாட் மஹான், மூன்று முறை தங்குமிடத்தை மறுத்தால் கைது செய்யலாம் என்ற யோசனையைக் கொண்டுவந்தபோது எனக்கு இந்தப் பெரியவர்தான் ஞாபகம் வந்தார். அவர் எத்தனையோ முறை மறுத்தவர்.

சிறு வீடுகள் கட்ட இடம் தேடும்போது நடக்கும் அக்கம்பக்கத்துக் கூட்டங்களுக்கும் போயிருக்கிறேன். மைக்கைப் பிடித்து எதிர்ப்பவர்களில் நம் ஆட்களும் கணிசம். தமிழ்ப் பள்ளியில் என் பிள்ளையோடு படிக்கும் குழந்தைகளின் அப்பா அம்மாக்கள். “இவங்கல்லாம் வெளி மாநிலத்துலேர்ந்து வெயிலுக்கு வந்தவங்க” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் சொல்வார். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள யூசிஎஸ்எஃப் பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட மாநில அளவிலான ஆய்வில் பத்தில் ஒன்பது பேர் கலிபோர்னியாவில் இருந்தபோதுதான் வீட்டை இழந்தவர்கள். நான்கில் மூன்று பேர் கடைசியாக வீடு இருந்த அதே கவுண்டியிலேயே (நம் மாவட்டம் போல) இருக்கிறார்கள். வீடு போவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அவர்கள் குடும்ப வருமானத்தின் இடைநிலை அளவு மாதம் 960 டாலர். நான் இந்த எண்களைக் கூட்டத்தில் சொல்லும்போது குரலை உயர்த்துவதில்லை. எங்கள் தெருவில் வீடுகளைச் சுத்தம் செய்ய வந்துகொண்டிருந்தவர் இப்போது காரில் தூங்குகிறார் என்று சேர்த்துச் சொல்வேன். அதற்கப்புறம் கேள்விகள் மாறும். குளியலறை எங்கே, இரவுக் காவல் யார், எத்தனை மாதம் தங்கலாம் என்று கேட்பார்கள். அவை நல்ல கேள்விகள், பதில் உள்ள கேள்விகள்.

நம்மவர்கள் நிறைய இருக்கும் ஃப்ரீமான்ட்டில் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 பிப்ரவரியில் அந்த நகரசபை பொது இடங்களில் கூடாரம் போடத் தடை கொண்டுவந்தது. அபராதம் 1,000 டாலர் வரை, சிறை ஆறு மாதம் வரை. முகாமுக்கு உடந்தையாக இருப்பவர்களுக்கும் பொருந்தும் என்று அதில் ஒரு வரி இருந்தது. சாப்பாடு கொடுப்பவர்கள், தார்ப்பாய் கொடுப்பவர்கள் எல்லோரும் பதறிப் போனார்கள். எதிர்ப்பு கிளம்பி, மார்ச்சில் அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டார்கள். தடை அப்படியே இருக்கிறது. உங்கள் ஊரில் என்ன விதி என்று படித்துவிட்டுக் களத்துக்குப் போங்கள்.

நீங்கள் போகும் இடத்தில் நோட்டீஸைப் பார்த்தால் தேதி, நேரம், பொருட்களை எங்கே எடுத்து வைப்பார்கள், மீட்க எந்த நம்பர் என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லாதபோது எடுக்கும் பொருளை உடனே அழிக்கக் கூடாது என்று லாஸ் ஏஞ்சல்ஸ் வழக்கில் 2012-லேயே தீர்ப்பு இருக்கிறது. அதனால் கேட்பதற்கு உரிமை உண்டு. அன்றைக்கு யாருக்கு ஆஸ்பத்திரி, யாருக்குக் கோர்ட், யார் வேலைக்குப் போயிருப்பார் என்று முந்தின நாளே விசாரித்து, அவர்களுடைய மருந்தையும் பேப்பரையும் அவர்கள் கையிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவரவர் கேஸ் மேனேஜருக்கு ஸ்வீப் தேதியைச் சொல்லுங்கள். ஒரே கவுண்டிக்குள்ளேயே அவர்களுக்கு அது தெரியாமல் போவதுண்டு. அன்று காலை போக முடிந்தால் போய், கனமான சாமானைத் தூக்க ஒரு கை கொடுங்கள். ஊழியர்களிடம் சண்டை வேண்டாம், அவர்களில் சிலரே முன்பு தெருவில் இருந்தவர்கள். பெயர் கேட்டு, மரியாதையாகப் பேசினால், பத்து நிமிடம் அவகாசம் கொடுப்பார்கள். நீலப் பையைத் தேட அந்தப் பத்து நிமிடம் போதும்.

அடுத்த வாரம் அந்த இடத்தைச் சுற்றி அரை மைலுக்குள் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். கண்டுபிடித்தால், அவர்கள் அனுமதியோடு, எங்கே இருக்கிறார்கள் என்று கேஸ் மேனேஜருக்குச் செய்தி அனுப்புங்கள். நகரசபையில் பட்ஜெட் விவாதம் மே, ஜூன் மாதங்களில் வரும். ஒருவருக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான் பேசக் கிடைக்கும். போன வருடம் அகற்றிய முகாம்களில் இருந்தவர்களில் எத்தனை பேர் இப்போது வீட்டுக்குள் இருக்கிறார்கள், அந்த எண்ணை மாதாமாதம் வெளியிடுவீர்களா என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு உட்காராமல், பதில் எப்போது வரும் என்று தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.